கடலிலிருந்து ஐந்நூறு மீட்டர்

பார்பா விட்ஸ்கோ உட்கார்ந்திருந்த பெஞ்ச் உடைந்தபோது, லோவ்ரே பத்தடி தள்ளி நின்று அந்தப் பெஞ்சைப் பற்றித்தான் பெருமை பேசிக்கொண்டிருந்தார். ஏப்ரல் மாதத்து ஞாயிறு. தேவாலயத்தில் பூசை முடிந்து லோக்வினா ஊரில் பாதிப் பேர் கடலோர நடைபாதையில் உலாவிக்கொண்டிருந்த நேரம். போன வருஷம் நகராட்சி வாங்கிப் போட்ட முப்பத்து நான்கு பெஞ்சுகளுக்கும் பத்து வருஷ வாரண்டி உண்டு, ஒப்பந்தத்தைத் தானே வரி வரியாகப் பார்த்ததாக்கும் என்று பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் ஒரு முனகல் கேட்டது. அடுத்து இரும்பு விட்டுப்போகும் சத்தம். அடுத்த நொடி விட்ஸ்கோ தரையில் இருந்தார். கையிலிருந்த காபிக் கோப்பை மட்டும் சிந்தாமல் நேராக நின்றது.

விட்ஸ்கோ ஓய்வுபெற்ற படகுக் கேப்டன். வயது எழுபத்து நான்கு, எடை நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. வயதான மாலுமிகளை அந்தக் கரையில் எல்லோரும் பார்பா என்றுதான் கூப்பிடுவார்கள். நான்கு பேர் ஓடிவந்து தூக்கப் பார்த்தார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, காபியை ஒரு வாய் குடித்தார்.

"நாப்பத்திரண்டு வருஷம் கடல்ல ஓட்டினேன். ஒரு தடவகூட மூழ்கல. கடைசியில கரையில மூழ்கிட்டேன்," என்றார். பிறகு சுற்றிலும் பார்த்து, கூட்டத்தில் லோவ்ரேயைக் கண்டுபிடித்தார். "லோவ்ரே, பத்து வருஷம்னியே. கோழி ஆயுசுக் கணக்கிலயா, மனுஷ ஆயுசுக் கணக்கிலயா?"

ஊர் சிரித்தது. லோவ்ரேயும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குனிந்து உடைந்த இடத்தைப் பார்த்தார். இரும்புக் காலும் இருக்கைச் சட்டமும் சேருமிடத்தில், பெயின்ட்டுக்கு அடியில், இரும்பு என்று சொல்லக்கூடியதாக ஒன்றுமே மிச்சமில்லை. விரலால் தொட்டதும் பழுப்பு நிறத்தில் பொலபொலவென்று உதிர்ந்தது. பக்கத்துப் பெஞ்சைத் தட்டிப் பார்த்தார். அதற்கும் அதே கதி.

"கவலப்படாதீங்க பார்பா, எல்லாத்துக்கும் வாரண்டி இருக்கு," என்று அவர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அதைத்தான் பிற்பாடு நினைத்து நினைத்து அவர் வெட்கப்பட்டார்.

லோவ்ரேயின் நிம்மதிக்குக் காரணம் இருந்தது. நகராட்சியின் பொதுப்பணிப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். அந்தப் பிரிவில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லாததால் அந்தப் பதவிக்குப் போட்டியும் இல்லை. ஆனால் ஊரில் அவருக்கு மரியாதை வந்தது பதவியால் இல்லை. அவர் படிப்பவர் என்பதால். பதினொரு வருஷத்துக்கு முன்பு, நகராட்சியின் நகலெடுக்கும் இயந்திரத்துக்கான வாடகை ஒப்பந்தத்தில் ஒன்பதாவது பக்கத்து அடிக்குறிப்பைக் கண்டுபிடித்து, இயந்திரத்தை ஒரு காசு செலவில்லாமல் மாற்ற வைத்தார். அன்றிலிருந்து ஊரில் யார் காப்பீடு எடுத்தாலும், யார் தொலைபேசி நிறுவனத்தோடு சண்டை போட்டாலும், காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தார்கள். அவரும் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கிக்கொண்டு, "பொடி எழுத்துலதான் எல்லாம் இருக்கு," என்பார்.

அந்த அடிக்குறிப்பை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. பல் மருத்துவரின் அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் காத்திருந்த நாள் அது. பையில் படிப்பதற்கு வேறு எதுவும் இல்லை. அங்கே பழைய வாரப் பத்திரிகை ஒன்று கிடந்திருந்தால் அவருடைய வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் பெஞ்சுகளின் கோப்பைத் தேடி எடுத்தார். கோப்புகளை வைத்துக்கொள்வதில் லோவ்ரேயைக் குறை சொல்ல முடியாது. வந்த காகிதம் எதையும் அவர் வெளியே விட்டதில்லை. பெஞ்சுக் கோப்பில் வாரண்டிப் பத்திரம் ஆறு பக்கம். முதல் பக்கத்தில் ஒரு கேடயத்தின் படம், அதன் நடுவில் கொட்டை எழுத்தில் பத்து ஆண்டுகள். அந்தப் பக்கம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மற்ற ஐந்து பக்கங்களைப் பார்த்தபோது, புதிதாக யாரையோ அறிமுகப்படுத்துகிற மாதிரி இருந்தது.

ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய சுருக்கொப்பம் இருந்தது.

இரண்டாம் பக்கம், வாரண்டி எதற்கெல்லாம் உண்டு என்று சொன்னது. அது கால் பக்கத்தில் முடிந்துவிட்டது. மீதி எல்லாம் எதற்கெல்லாம் கிடையாது என்பது. மரப்பலகை நிறம் மாறினால் கிடையாது. பறவை எச்சத்தால் பெயின்ட் கெட்டால் கிடையாது. பைன் மரத்துப் பிசினுக்குக் கிடையாது. பெஞ்சின் மேல் ஏறி நின்றால், ஆடினால், எதையாவது சங்கிலியால் கட்டினால் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நல்ல தண்ணீரால் கழுவி, கழுவிய தேதியைப் பதிவேட்டில் எழுதி வைக்காவிட்டால் மொத்தமாகவே கிடையாது. இதையெல்லாம் படித்துக்கொண்டு வரும்போது லோவ்ரேக்கு வியர்த்தது. ஆனாலும் ஏதோ ஒரு வழி இருக்கும் என்ற நம்பிக்கை நான்காம் பக்கம் வரை அவரை விடவில்லை.

நான்காம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது: கடலிலிருந்து ஐந்நூறு மீட்டர் தூரத்துக்குள் நிறுவப்படும் பொருட்களில் ஏற்படும் துருவுக்கு இந்த வாரண்டி பொருந்தாது.

வாக்கியத்தைவிட அவரைப் பதறவைத்தது வேறொன்று. 'மீட்டர்' என்ற சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதை யாரோ நீலப் பேனாவால் அழகாகத் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பமும் போட்டிருந்தார்கள். பேனா அவருடையது. ஒப்பமும் அவருடையது.

அந்த வாக்கியத்தை அவர் பார்த்திருக்கிறார். அதற்குள் போய், குனிந்து, எழுத்துப் பிழையைச் சரிசெய்து, நிமிர்ந்து வெளியே வந்திருக்கிறார். அது என்ன சொல்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. நாற்பது வருஷமாகக் கடலைப் பார்த்தபடி வீட்டுக் கதவைத் திறக்கிற மனிதர்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மனைவி டோன்காவிடம் காகிதத்தை நீட்டினார். டோன்கா ஊர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். பொடி எழுத்து அவருக்குத் தொழில். இரண்டு நிமிடத்தில் ஆறு பக்கத்தையும் படித்துவிட்டு, நீலத் திருத்தத்தின் மேல் விரலை வைத்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பள்ளிக்கூடத்தில் இலக்கணத்துக்கு எவ்வளவு மதிப்பெண். லோவ்ரே உண்மையைச் சொன்னார். முதல் மதிப்பெண்.

ஆனாலும் அவர் பெஞ்ச் செய்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். அது வடக்கே, கடலே பார்க்காத சமவெளியில் இருக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலை. ஒரு வாரத்தில் பதில் வந்தது: எங்கள் பரிசோதகர் வியாழக்கிழமை நேரில் வருவார், கழுவிய பதிவேட்டைத் தயவுசெய்து எடுத்து வைக்கவும்.

லோக்வினாவில் யாரும் எந்தப் பெஞ்சையும் கழுவியதில்லை. மழை கழுவியிருக்கலாம். யுகோ என்கிற தெற்குக் காற்று வீசும் நாட்களில் அலை எழும்பி நடைபாதை முழுவதையும் கழுவும், உப்புத் தண்ணீரால். லோவ்ரே புதன்கிழமை மாலை அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு, புதிய நோட்டு ஒன்றை எடுத்து, பதிவேடு எழுத உட்கார்ந்தார்.

அந்த ஒரு மணி நேரத்தில் அவர் காட்டிய உழைப்பை ஒப்பந்தத்தில் காட்டியிருந்தால் கதை இங்கே வந்திருக்காது. மூன்று விதப் பேனா எடுத்துக்கொண்டார். கையெழுத்தைக் கொஞ்சம் மாற்றினார். போன வருஷம் ஜனவரியில் தொடங்கி, மூன்று மாதத்துக்கு ஒன்றாக, இந்த வருஷம் ஜனவரி வரை ஐந்து முறை பெஞ்சுகளைக் கழுவினார், காகிதத்தில். ஒரு பதிவில் 'லேசான மழை, இருந்தாலும் கழுவப்பட்டது' என்றுகூட எழுதினார். அதை எழுதியதும் அவருக்கே தன் மேல் ஒரு மதிப்பு வந்தது. கடைசியில் பழசாகத் தெரியட்டும் என்று நோட்டின் அட்டையில் காபிக் கோப்பையை வைத்து வட்டம் போட்டார். வட்டம் மிக அழகாக விழுந்தது. இன்னொன்றும் போட்டார்.

பரிசோதகரின் பெயர் டுப்ராவ்கா. நாற்பது வயதிருக்கும், காலில் கனமான வேலைக்காலணி, கையில் சின்னப் பெட்டி. கடற்கரைக்கு வந்ததும் அவர் பெஞ்சுகளைப் பார்க்கவில்லை. அவற்றுக்குப் பின்னால் பார்த்தார். தண்ணீர் நடைபாதை விளிம்பில் தளும்பிக்கொண்டிருந்தது. அருகிலிருந்த பெஞ்சுக்கும் அதற்கும் நடுவே நான்கடி இருக்கலாம்.

"சார், இது கடல்தானே?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"ஏரி கீரி இல்லையே?"

"இல்லைங்க. கடல்தான்."

டுப்ராவ்கா தலையசைத்துவிட்டுக் குறிப்பெழுதிக்கொண்டார். அவர் கேலி செய்கிறாரா, படிவத்தில் அப்படி ஒரு கேள்வி உண்மையாகவே இருக்கிறதா என்று லோவ்ரேயால் கண்டுபிடிக்க முடியவில்லை. விட்ஸ்கோவும் அங்கே வந்துசேர்ந்திருந்தார். விழுந்ததிலிருந்து அவர் எங்கே போனாலும் ஒரு சிவப்புத் திண்டோடுதான் போனார். உடைந்த பெஞ்சின் பக்கத்தில் சுவரில் திண்டைப் போட்டு உட்கார்ந்து, பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் எல்லாவற்றையும் கவனித்தார்.

டுப்ராவ்கா பெட்டியிலிருந்து சின்னக் கருவி ஒன்றை எடுத்து ஒவ்வொரு பெஞ்சிலும் பெயின்ட் எவ்வளவு கனமாக இருக்கிறது என்று அளந்தார். கடற்கரையில் இருந்த இருபத்தாறு பெஞ்சுகளையும் ஒன்று விடாமல் பார்த்தார். கோட்டிங் சொன்ன அளவுக்குச் சரியாக இருக்கிறது, அதைத் தின்றது உப்புதான், கீறல் விழுந்த இடம் வழியாக உள்ளே போயிருக்கிறது, வாரம் ஒரு தடவை கழுவியிருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காது என்றார். பிறகு பதிவேட்டைக் கேட்டார்.

லோவ்ரே நோட்டை நீட்டினார். டுப்ராவ்கா முதல் பக்கத்தைப் படித்தார். காபி வட்டங்களைப் பார்த்தார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"போன வருஷம் ஜனவரி பதினஞ்சுல கழுவியிருக்கீங்க."

"ஆமாங்க. லேசான மழை."

"அது ஏப்ரல்ல சார். ஜனவரில வெயில்னு போட்டிருக்கீங்க." டுப்ராவ்காவின் குரல் ஏறவே இல்லை. "பெஞ்ச் உங்களுக்கு வந்தது மார்ச் இருபதாம் தேதி. ஜனவரில அது எங்க ஃபேக்டரியில இரும்புக் குழாயா கெடந்துச்சு. நீங்க அங்க வந்து கழுவினீங்களா?"

லோவ்ரே ஜனவரியில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதைத்தான் நினைவில் வைத்திருந்தார். ஐம்பத்தொரு வயதில், வெயிலில், கடல் பார்க்க, வடக்கத்திப் பெண் ஒருத்தியின் முன்னால் காது இரண்டும் பழுக்கக் காய்ச்சிய மாதிரி சிவந்து நின்றார். இதைவிட மோசம் என்னவென்றால் விட்ஸ்கோ வாயே திறக்கவில்லை. கேலிக்கு இவ்வளவு நல்ல இடத்தை அவர் விட்டுக்கொடுத்தார் என்றால், அவர் இரக்கப்படுகிறார் என்றுதான் அர்த்தம்.

டுப்ராவ்கா நோட்டை மூடி அவர் கையிலேயே கொடுத்தார். "இத நான் பாக்கல. நீங்களும் எழுதல. மத்த எட்டு பெஞ்ச் எங்க இருக்கு?"

மற்ற எட்டும் கல்லறைத் தோட்டத்தில் இருந்தன. ஊருக்கு மேலே, வளைந்து வளைந்து ஏறும் பாதையின் முடிவில். மூவரும் ஏறினார்கள். லோவ்ரே பாதி வழியில், நோட்டு விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டார். நான் பொய் எழுதினேன் என்று அந்தச் சொல்லாலேயே சொன்னார். டுப்ராவ்கா மூச்சு வாங்கிக்கொண்டே, இந்த வருஷத்தில் இது பதினாலாவது நோட்டு என்றும், காபி வட்டம் போட்டவர்கள் அதில் ஒன்பது பேர் என்றும் சொன்னார். அது ஆறுதலா அவமானமா என்று லோவ்ரேக்குத் தெரியவில்லை. தன் ஏமாற்று வேலையில்கூடத் தனக்கென்று ஒரு யோசனை இல்லை என்பது மட்டும் புரிந்தது.

கல்லறைத் தோட்டத்துக் காவல் யெர்கா, ஊர் மரியாதையாகக் கூப்பிடும் ஷியோரா யெர்கா. அறுபது வயதுப் பெண்மணி, ரப்பர் காலணி போட்டு, பிளாஸ்டிக் குழாயால் சைப்ரஸ் மரங்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பெஞ்சுகள் பளிச்சென்று இருந்தன. ஆனால் டுப்ராவ்கா குனிந்து பார்த்தபோது, இங்கேயும் பற்றவைத்த இடங்களில் துரு கொப்புளம் கட்டியிருந்தது. கருவியை வைத்தார். எண்ணைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கி, துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். எட்டு பெஞ்சிலும் வைத்தார். இவை வேறு நாளில் பெயின்ட் அடித்த தொகுதி, கோட்டிங் சொன்ன அளவில் பாதிகூட இல்லை, தப்பு எங்கள் பக்கம்தான் என்று நேராகவே சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, ஆனால் கழுவிய பதிவேடு இல்லாமல் மேலே அனுப்ப முடியாது என்றார்.

யெர்கா குழாயை மூடிவிட்டு வந்தார். எதற்குப் பதிவேடு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் கழுவறேனே," என்றார். "விதவைங்க கறுப்புப் பாவாடையில பறவை எச்சம் ஒட்டுதுன்னு என்னைத்தானே திட்டறாங்க. தண்ணி எதுக்குச் செலவாச்சுன்னு எழுதணும்னு ஆபீஸ்ல சொன்னீங்க, அதனால எழுதி வெச்சிருக்கேன்."

கொட்டகையிலிருந்து ஒரு நோட்டு வந்தது. மண்ணும் ஈரமும் பட்டு உப்பியிருந்தது. பெஞ்ச் வந்த பிறகு, போன வருஷம் மார்ச் கடைசி வெள்ளியிலிருந்து, ஒவ்வொரு வாரமும்: மரங்கள் இரண்டு வாளி, பூச்சாடிகள் ஒரு வாளி, பெஞ்சுகள் நான்கு வாளி. சில இடங்களில், யார் திட்டினார்கள் என்ற விவரமும் இருந்தது. 'எழுதி வைக்கணும்' என்று ஆணை போட்டது லோவ்ரேதான். இரண்டு வருஷத்துக்கு முன்பு, தண்ணீர் கட்டணம் ஏறியபோது. அந்த நோட்டை ஒரு தடவைகூட அவர் திறந்து பார்த்ததில்லை. நேற்று மாலை கதவைச் சாத்திக்கொண்டு அவர் மூன்று பேனாவோடு பாடுபட்டுக்கொண்டிருந்தபோது உண்மையான பதிவேடு இங்கே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஏறி வந்து கேட்டிருந்தால் போதும்.

டுப்ராவ்கா பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டார். முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. ஆனால் கைபேசியில் வரைபடத்தைத் திறந்ததும் அது போய்விட்டது. கடலுக்கும் கல்லறைக்கும் நேர்கோட்டில் நானூற்று அறுபது மீட்டர்தான். ஐந்நூறுக்கு நாற்பது குறைவு. துரு என்று வந்துவிட்டால் அந்த விதிதான் முதலில் நிற்கும் என்று வருத்தத்தோடு சொன்னார்.

லோவ்ரே அவர் கையிலிருந்த வாரண்டிப் பத்திரத்தை வாங்கினார். சைப்ரஸ் மரத்தடியில் நின்றுகொண்டு நான்காம் பக்கத்தைப் படித்தார். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும், பள்ளிப் பிள்ளை மாதிரி விரல் வைத்து, சத்தமாகப் படித்தார். ஒரு தடவை படித்து முடித்துவிட்டு இரண்டாம் தடவையும் படித்தார்.

"தூரம்னுதான் இருக்கு," என்றார். "நேர்கோட்டுல அளக்கணும்னு எங்கயும் இல்ல."

"தூரம்னா தூரம்தானே சார்."

"காக்காக்கு அது தூரம். பெஞ்சுக்கு எது தூரம்?" இதைக் கேட்டது விட்ஸ்கோ. ஏறிவந்த களைப்பில் திண்டைப் போட்டு ஒரு கல்லறையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "நான் ஏறி வந்தது நானூத்தி அறுபது மீட்டர்னா, என் முட்டிகிட்ட சொல்லும்மா. அது ஒத்துக்காது."

லோவ்ரே அதைக் காதில் வாங்கவில்லை. அவருக்கு வேறொன்று ஞாபகம் வந்திருந்தது. பெஞ்சுகள் வந்த அன்று லாரி இந்தப் பாதையில் ஏறவில்லை. நிறுவனத்து ஆட்கள் சின்ன வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். போகும்போது ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கினார்கள். லோவ்ரே வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்; வழக்கம்போல் அதைத் தூக்கியும் போடவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த கோப்பை அங்கேயே, ஒரு கல்லறையின் பளிங்குப் பலகை மேல் விரித்தார். அடியிலிருந்து மூன்றாவது காகிதம். நிறுவனத்தின் முத்திரை, நிறுவனத்து ஆளின் கையெழுத்து: எட்டு பெஞ்சுகள் கடற்கரையிலிருந்து கல்லறை வரை கையால் கொண்டுசெல்லப்பட்டன, தூரம் எழுநூற்று இருபது மீட்டர்.

டுப்ராவ்கா அந்தச் சீட்டை நீண்ட நேரம் பார்த்தார். "எங்க ஆளே எழுதினது," என்றார். பிறகு தோட்டத்து மூலைக்குப் போய்த் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டார். பேச்சு நீண்டது. யெர்கா கொட்டகையிலிருந்து காய்ந்த அத்திப்பழமும், திராட்சைச் சாராயமும் கொண்டுவந்து வைத்தார். விட்ஸ்கோ தன் பங்கையும் டுப்ராவ்காவின் பங்கில் பாதியையும் சாப்பிட்டு முடித்த நேரத்தில் டுப்ராவ்கா திரும்பி வந்தார். தலைமை அலுவலகத்தில் முதலில் முடியாது என்றார்களாம். விதியில் எப்படி அளப்பது என்று நாம் எழுதவில்லை, அளந்து எழுதிக் கொடுத்ததோ நம் ஆள்தான், அவர்கள் வழக்குப் போட்டால் நமக்குத்தான் சிரமம் என்று இவர் எடுத்துச் சொல்லியிருக்கிறார். எட்டு பெஞ்சும் மாற்றித் தரப்படும். கடற்கரை இருபத்தாறுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

போகும் முன் டுப்ராவ்கா லோவ்ரேயிடம் கை குலுக்கினார். உப்பைத் தேய்த்து எடுத்து, படகுக்கு அடிக்கிற பெயின்ட் இரண்டு கை அடித்து, வாரா வாரம் கழுவினால் அந்த இருபத்தாறும் இன்னும் பத்து வருஷம் நிற்கும் என்று சொன்னார். இது வாரண்டி இல்லை, தன் அபிப்பிராயம் மட்டும்தான் என்றும் சேர்த்துக்கொண்டார்.

லோவ்ரேக்கு உண்மையான கஷ்டம் அதற்கப்புறம்தான் வந்தது. செய்தி அவருக்கு முன்பே மலையிலிருந்து இறங்கிவிட்டது. விட்ஸ்கோ சொன்ன விதத்தில் அது வீர கதையாகியிருந்தது: லோவ்ரே கல்லறை மேல் கோப்பை விரித்தான், ஒரு காகிதத்தை உருவினான், வடக்கத்தி நிறுவனம் மண்டியிட்டது. ஜனவரி மாதத்துக் கழுவலைப் பற்றி விட்ஸ்கோ ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ரொட்டிக்கடையில் இரண்டு பேர் தங்கள் காப்பீட்டுக் காகிதங்களை லோவ்ரேயிடம் நீட்டினார்கள். திங்கட்கிழமை நகர்மன்றக் கூட்டத்தில் மேயர் நீனோ எழுந்து, வாரண்டியே இல்லாத இடத்தில் எட்டு பெஞ்சை மீட்டுத் தந்த நம் லோவ்ரே என்று தொடங்கினார். கைதட்டினார்கள்.

லோவ்ரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மேசையில் அவர் முன்னால் பத்திரம் இருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் போதும், அவருடைய பேர் இன்னும் பதினொரு வருஷத்துக்கு நிற்கும். அதை அவர் யோசித்தார், யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் முப்பத்து நான்கில் எட்டு போக மிச்சம் இருபத்தாறு என்று மன்றத்தில் ஒருவருக்கும் கணக்குப் போடத் தோன்றாதது அவரை உறுத்தியது. தானும் இப்படித்தான் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டோம் என்று நினைத்தார்.

எழுந்தார். வாரண்டிப் பத்திரம் முழுவதையும் படித்துக் காட்டப் போவதாகச் சொன்னார். படிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் படித்தார். பறவை எச்சத்தில் சிரித்தார்கள், பிசினில் சிரித்தார்கள். நான்காம் பக்கத்துக்கு வந்ததும் காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, நீலத் திருத்தத்தைக் காட்டினார்.

"இந்த எழுத்துப் பிழையத் திருத்தினது நான்தான்," என்றார். "வாக்கியம் என்ன சொல்லுதுன்னு பாக்கல. பிழைய மட்டும் பாத்தேன். அதுக்கப்புறம் கழுவாத பெஞ்சைக் கழுவினதா ஒரு பொய் நோட்டும் எழுதினேன். அதுலயும் தேதி தப்பு. எட்டு பெஞ்ச் கெடச்சது ஷியோரா யெர்காவால. நான் செஞ்சது, காகிதத்தத் தூக்கிப் போடாம வெச்சிருந்தது மட்டும்தான்."

பிறகு மன்றத்துக் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார், அது முன்வரிசை வரைக்கும் வந்தது. மேயர்தான் கடைசியில் சிரித்தார். பதினொரு வருஷமாகத் தன்னுடைய எல்லா ஒப்பந்தத்திலும் இந்த மனிதரை நம்பித்தான் கையெழுத்துப் போட்டோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வேலை நீக்கம் பற்றி யாரும் பேசவில்லை. பொதுப்பணிப் பிரிவில் வேறு ஆள் இல்லையே. ஆனால் படகு பெயின்ட் வாங்கித் தருவதென்றும், இருபத்தாறு பெஞ்சையும் சுற்றுலாப் பருவத்துக்குள் லோவ்ரே தன் கையால் தேய்த்து அடித்துத் தருவதென்றும் ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. யெர்காவுக்கு நன்றி தெரிவித்து ஒரு கடிதமும் போனது. அதை எழுதியது லோவ்ரே. அனுப்புவதற்கு முன் நான்கு தடவை படித்தார்.

மே மாதம் முழுவதும், வேலை நேரம் முடிந்த பிறகும் சனிக்கிழமைகளிலும், அவர் கடற்கரையில் முட்டி போட்டு உட்கார்ந்து உப்புக்காகிதத்தால் இரும்பைத் தேய்த்தார். படகுத்துறை வெல்டர் உடைந்த காலைப் பற்றவைத்துக் கொடுத்தார். ஊர் மொத்தமும் தினம் அந்த வழியாகப் போக வேண்டியிருந்ததால், ஊர் மொத்தமும் தினம் ஏதாவது சொல்லிவிட்டுப் போனது. பொய் நோட்டு அதற்குள் ஊரெல்லாம் கை மாறிப் போயிருந்தது. ஜனவரியிலேயே இதை அடித்துவிட்டீர்களே, நோட்டில் பார்த்தோமே என்றார்கள். மழை லேசாகத் தூறினால், லேசான மழை, இருந்தாலும் அடிக்கப்பட்டது என்று யாராவது ஜன்னலிலிருந்து கூவினார்கள். முதல் வாரம் லோவ்ரேக்குச் சுருக்கென்று இருந்தது. மூன்றாவது வாரத்தில், யாரும் எதுவும் சொல்லாமல் போனால் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

காகிதங்கள் வருவது நிற்கவில்லை என்பதுதான் அவருக்கு ஆச்சரியம். நின்றுவிடும் என்று எதிர்பார்த்தார், கொஞ்சம் ஆசைப்படவும் செய்தார். ஆனால் இப்போது அவர்கள் கொடுத்துவிட்டுப் போவதில்லை. பெயின்ட் காயாத பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தாங்களே படித்தார்கள், அவர் தேய்த்துக்கொண்டே கேட்டார். புரியாத இடத்தில் நிறுத்தச் சொல்லி, எனக்கும் புரியவில்லை என்றார். விட்ஸ்கோ தன் காது கேட்கும் கருவிக்கான காகிதத்தை ஒரு மாலை முழுக்கப் படித்தார். அவருடைய குரல் துறைமுகம் வரை போயிற்று, அவ்வளவு சத்தம்.

ஜூன் முதல் வாரத்துச் சனிக்கிழமை லோவ்ரே இருபத்தோராவது பெஞ்சில் இருந்தார். டோன்கா மருந்துக்கடையை அடைத்துவிட்டு, வறுத்த மத்தி மீனும் ரொட்டியும் தக்காளியும் துணியில் கட்டிக்கொண்டு வந்தார். உட்காரப் பார்த்தால், பக்கத்திலிருந்த பெஞ்செல்லாம் பெயின்ட் ஈரம். இருவரும் நடைபாதை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்கள். லோவ்ரேயின் நகக்கண்ணிலெல்லாம் பச்சைப் பெயின்ட். டோன்கா மீனை அவர் வாயில் நேராக ஊட்டினார்.

"நம்ம கல்யாணப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டோமே," என்றார் டோன்கா, "அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு படிச்சியா?"

லோவ்ரே மென்றுகொண்டே யோசித்தார். "இல்ல. நீ?"

"நானும் படிக்கல. பேனா எழுதாம தகராறு பண்ணிட்டிருந்துச்சு."

தீவிலிருந்து வரும் படகு துறைக்குள் திரும்பியது. டோன்கா இன்னொரு மீனின் முள்ளை எடுத்துவிட்டு அவருக்கு நீட்டினார். மிச்சம் ஐந்து பெஞ்ச் இருந்தது. லோவ்ரே கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து, தூரிகையைத் தேடினார்.